டெங்கி, கொவிட், ஃப்ளூ: உறுப்புகளுக்கு ஆபத்து வருமா என்று பார்க்க எந்த ரத்தப் பரிசோதனை?

இரவு பத்தரைக்கு ஒரு வாட்ஸ்அப். "அக்கா, அப்பாவுக்கு டெங்கி பாசிட்டிவ். காய்ச்சல் வந்து இன்னிக்கு நாலாவது நாள். பிளேட்லெட் 110. ஒரு தாளைக் கொடுத்து சிஆர்பி, ஃபெரிட்டின், டி-டைமர், ட்ரோபோனின், லிவர் இதுல எது எது வேணும்னு கேக்கறாங்க. எல்லாத்தையும் டிக் பண்ணிடட்டுமா?" கூடவே அந்தத் தாளின் படம். அப்பாவுக்கு வயது 66, சர்க்கரை நோய் உண்டு. (பிளேட்லெட்டை ஆயிரத்தில் சொல்வது வழக்கம்; 110 என்றால் 1,10,000.)

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். சிங்கப்பூரில் 35,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்த 2020-லும், 32,000-ஐத் தாண்டிய 2022-லும் இதே கேள்வி வாரத்துக்கு இரண்டு முறையாவது வந்தது. கொவிட் நாட்களில் டி-டைமர் என்ற பெயர் காப்பிக்கடை வரைக்கும் போய்விட்டது. நான் மருத்துவர் இல்லை. மருந்து எழுதுவதும் வார்டில் சேர்ப்பதும் என் வேலை இல்லை. ஆனால் இந்தக் குழாய்களுக்குள் இருப்பது என்ன, எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது நாள் முழுக்கப் பார்த்துப் பழகிய விஷயம். அந்த இடத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது?

ஒரு பரிசோதனையை டிக் பண்ணுவதற்கு முன்னால் நான் நான்கு கேள்வி கேட்பேன்.

முதலாவது, அது எந்த உறுப்பைப் பற்றிப் பேசுகிறது? ட்ரோபோனின் இதயத்தின் பெயரைச் சொல்லும். சிஆர்பி "உடம்பில் எங்கேயோ நெருப்பு" என்பதோடு நிறுத்திக்கொள்ளும்.

இரண்டாவது, இன்று எத்தனையாவது நாள்? டெங்கியில் மூன்றாம் நாள் ரத்தமும் ஐந்தாம் நாள் ரத்தமும் வேறு வேறு ஆட்களுடையவை போல இருக்கும். காய்ச்சல் தொடங்கிய நாளை முதல் நாளாக எண்ணுங்கள்; கிளினிக்குக்குப் போன நாளை அல்ல.

மூன்றாவது, வயது, சர்க்கரை, பழைய சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் போன்ற வேறு காரணங்களால் இந்த எண் ஏற்கெனவே ஏறியிருக்குமா?

கடைசியாக, பதில் வந்ததும் என்ன செய்யப் போகிறோம்? எண் கூடினாலும் குறைந்தாலும் நாளைக்குச் செய்யப்போவது ஒன்றேதான் என்றால், அந்தப் பணத்துக்கு இளநீர் வாங்கலாம்.

செலவு என்று நான் சொல்வது ரசீதில் இருக்கும் தொகையை மட்டும் அல்ல. தேவையில்லாத ஒரு சிவப்பு எழுத்து அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு இரவு, ஒரு சிடி ஸ்கேன், இன்னும் நாலு குழாய் ரத்தம் என்று வளரும்.

## முதலில், புரதமே இல்லாத ஒன்று

தாளில் இருக்கும் பெரிய பெயர்கள் எல்லாம் ரத்தத்தில் இருக்கும் புரதங்களை அளப்பவை. அவற்றுக்கு முன்னால் ரத்த அணுக்கள் எண்ணிக்கை இருக்கிறது. ஊதா மூடிக் குழாய், இருப்பதிலேயே மலிவான பரிசோதனை, சீக்கிரம் பதில். டெங்கியில் எல்லாருக்கும் பிளேட்லெட் மேல்தான் கண். உண்மையில் அதன் பக்கத்து வரியில் இருக்கும் ஹெமட்டோகிரிட்டைப் பார்க்க வேண்டும்; ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதுதான் அது.

டெங்கியில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் ரத்தம் கசிவது இல்லை, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா நாளங்களிலிருந்து கசிவது. நீர் வெளியேறினால் மீதி ரத்தம் கெட்டியாகும், ஹெமட்டோகிரிட் ஏறும். வழக்கமான அளவைவிட 20 சதவீதம் ஏறினால் அது கசிவுக்கு அடையாளம். இது நடப்பது பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், அதுவும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில். கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும்.

என் மச்சான் கதையைச் சொன்னால் விளங்கும். ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. "சரியாப் போச்சு, மத்தியான ஷிஃப்டுக்குப் போறேன்" என்று சட்டையைப் போட்டுவிட்டார். வயிறு மட்டும் லேசாக வலிக்கிறதாம். முதல் நாள் மாலை 42 இருந்த ஹெமட்டோகிரிட் அன்று 51. பிளேட்லெட் 95-லிருந்து 58. இந்த இரண்டும் எதிரெதிராகப் போவதும், வயிற்று வலியும், உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வகைப்பாட்டில் எச்சரிக்கை அறிகுறிகள். ஷிஃப்டுக்குப் போகவில்லை, வார்டுக்குப் போனார்.

இங்கே முக்கியம், இரண்டு எண்கள் இருந்தன. 51 மட்டும் தனியாக வந்திருந்தால் நல்ல உடம்புக்காரர் என்று நினைத்திருப்போம்.

பிளேட்லெட் பற்றி ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பெரியவர்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், பிளேட்லெட் 20,000 அல்லது அதற்கும் கீழே போனவர்களுக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை. பப்பாளி இலைச் சாறு ஏழாம் நாளில் எண்ணிக்கையை ஏற்றியது என்று சொல்பவர்களுக்கு: ஏழாம் நாளில் அது தானாகவே ஏறத் தொடங்கும்.

## ஆல்புமினும் கல்லீரல் நொதிகளும்

தாளில் 'லிவர்' என்று ஒரே வரியாக இருப்பது பல பரிசோதனைகளின் கட்டு. அதில் ஆல்புமின், ஏஎஸ்டி, ஏஎல்டி மூன்றும் பொதுவாக இருக்கும். எல்லாம் மஞ்சள் மூடிக் குழாய் ஒன்றிலேயே முடியும். டெங்கிக்கு இந்தத் தாளில் நான் காசு கொடுக்கும் முதல் வரி இதுதான்.

ஆல்புமின் ரத்தத்தில் மிக அதிகமாக இருக்கும் புரதம்; லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை. அதன் அரை ஆயுள், அதாவது இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரம், கிட்டத்தட்ட மூன்று வாரம். யோசித்துப் பாருங்கள்: கல்லீரல் இன்றைக்கே ஆல்புமின் செய்வதை நிறுத்தினாலும் இரண்டு நாளில் அது பெரிதாகக் குறைய வழியில்லை. ஆகவே திங்கட்கிழமை 42 இருந்தது புதன்கிழமை 31 ஆனால், அது நாளங்களை விட்டு வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். ஹெமட்டோகிரிட் சொல்லும் அதே கதையை வேறு வழியில் சொல்கிறது. மச்சானுக்கு அன்று வந்தது 31.

இதிலும் பொறி உண்டு. டிரிப் ஏற்றிய பிறகு எடுத்தால் நீர் கலந்தே எண் குறையும். நாள்பட்ட சிறுநீரக நோயில் புரதம் சிறுநீரில் போகிறவர்களுக்கு முதலிலேயே குறைவாக இருக்கும். பழைய அறிக்கை கையில் இல்லாமல் ஒற்றை ஆல்புமினை வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது.

ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதிகள். செல் உடைந்தால் ரத்தத்துக்கு வரும். டெங்கியில் பெரும்பாலும் ஏஎஸ்டிதான் ஏஎல்டியை முந்தும், ஏனென்றால் அது தசையிலும் உண்டு. இரண்டில் ஒன்று 1,000-ஐத் தொட்டால் அதுவே கடும் டெங்கி என்ற வகைக்குள் கொண்டுபோய்விடும். இருநூறு, முந்நூறு என்பது டெங்கியில் அடிக்கடி பார்க்கிற எண். பயப்பட வேண்டாம், ஆனால் பாரசிட்டமாலைக் கணக்குப் பார்த்துப் போட வேண்டும். காய்ச்சல் மாத்திரை ஒன்று, சளி மாத்திரை ஒன்று என்று இரண்டிலும் பாரசிட்டமால் இருப்பதைக் கவனிக்காமல் விழுங்குகிறவர்கள் நிறைய. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 4 கிராம். கல்லீரல் சரியில்லாதவர்களுக்கு மருத்துவர் அதையும் குறைப்பார். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் பக்கம் டெங்கியில் தானாகப் போகவே கூடாது. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் நிறுத்துவதா தொடர்வதா என்பதை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இதன் மறைந்த செலவு ஊசியில் இருக்கிறது. நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்தி எடுத்த ரத்தம் குழாயிலேயே உடையும். சிவப்பணுக்களுக்குள்ளும் ஏஎஸ்டி இருப்பதால் எண் பொய்யாக ஏறும். சுழற்றி எடுத்ததும் மேலே வெளிர் மஞ்சளாகத் தெளிய வேண்டிய திரவம் ரோஸ் சிரப் நிறத்தில் வந்தால் நாங்கள் அறிக்கையில் குறிப்பு எழுதுவோம். அந்தக் குறிப்பை யாரும் படிப்பதில்லை.

## சிஆர்பி

கல்லீரல் செய்யும் புரதம்தான், ஆனால் கல்லீரலைப் பற்றிப் பேசாது. உடம்பில் அழற்சி தொடங்கி ஆறு மணி நேரத்தில் ஏற ஆரம்பித்து, இரண்டு நாளில் உச்சம் தொடும். அரை ஆயுள் 19 மணி நேரம் என்பதால் நெருப்பு அணைந்தால் அதுவும் சீக்கிரம் இறங்கும். அதனால் போக்கைப் பார்க்க நல்ல பொருள்.

கொவிட்டில் இதற்கு உண்மையான வேலை இருந்தது. பிரிட்டனில் நடந்த பெரிய சோதனையில், ஆக்சிஜன் குறைந்து, சிஆர்பி லிட்டருக்கு 75 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தவர்களைத்தான் டோசிலிசுமாப் என்ற மருந்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது எண் ஒரு முடிவை மாற்றியது. வீட்டில் இருமிக்கொண்டு, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 98 காட்டும் இளைஞருக்கு அதே எண் எந்த முடிவையும் மாற்றாது.

டெங்கியில் சிஆர்பி பெரும்பாலும் மிதமாகத்தான் இருக்கும். முதல் மூன்று நாளில் அது கூடுதலாக இருந்தவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பும் அதிகம் என்று பல நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. ஆனால் 'வாய்ப்பு அதிகம்' என்பதை வைத்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பவோ வார்டில் வைக்கவோ முடியாது. 100-ஐ எல்லாம் தாண்டினால் கூடவே பாக்டீரியா தொற்றும் இருக்கிறதா என்று மருத்துவர் தேடுவார். அந்தத் தேடலுக்கு உதவுவதுதான் புரோகால்சிட்டோனின். அது ஆன்டிபயாட்டிக் கேள்விக்கான பரிசோதனை, உறுப்புகளைப் பற்றியது இல்லை. இந்தத் தாளிலும் இல்லை, விட்டுவிடலாம்.

## ஃபெரிட்டின்

இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். ரத்தசோகைக்குத்தான் இதை எடுப்பார்கள் என்று பலருக்குத் தெரியும். தொற்றில் நோயெதிர்ப்புச் செல்கள் கொதித்தால் இது வானத்துக்கு ஏறும். டெங்கியில் ஆயிரக்கணக்கில் போவது அதிசயம் இல்லை, மோசமாகிறவர்களிடம் சராசரியாகக் கூடுதலாகவும் இருக்கும்.

வார்டில் இதற்கு ஒரு பெரிய வேலை உண்டு. காய்ச்சல் விடவே இல்லை, மூன்று வகை ரத்த அணுக்களும் சரிகின்றன, மண்ணீரல் வீங்கியிருக்கிறது, ஃபெரிட்டின் 10,000-ஐத் தாண்டுகிறது என்றால், உடம்பு தன் ரத்த அணுக்களைத் தானே விழுங்கும் அபூர்வ நிலைக்குள் போய்விட்டதா என்று மருத்துவர் யோசிப்பார். ஹெச்எல்எச் என்பார்கள். அதைச் சீக்கிரம் பிடித்தால் உயிர் தப்பும் வாய்ப்பு கூடும்.

கிளினிக்கில் நான்காம் நாள் எடுப்பது வேறு கதை. கொழுப்புக் கல்லீரல், சர்க்கரை, மது, அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா, இவை எல்லாமே ஃபெரிட்டினை முதலிலேயே உயர்த்தி வைத்திருக்கும். இரும்புச்சத்துக் குறைந்த பெண்ணுக்கு நேர்மாறாக அடிமட்டத்திலிருந்து தொடங்கும், ஏறியும் சாதாரணமாகத் தெரியும். நம் வீடுகளில் நாற்பது வயதுக்கு மேல் இந்த வரிசையில் ஒன்றாவது இல்லாதவரைக் காட்டுங்கள் பார்ப்போம்.

## டி-டைமர்

இந்தப் பட்டியலில் அதிகத் தூக்கம் கெடுத்தது இது. ரத்தக் கட்டி உருவாகிக் கரையும்போது விழும் புரதத் துண்டு. 2020 மார்ச்சில் வூஹான் நோயாளிகளைப் பற்றி வெளியான ஆய்வில், மருத்துவமனையில் சேரும்போதே டி-டைமர் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு அதிகம் என்று வந்தது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க எல்லாரும் எடுக்கத் தொடங்கினார்கள்.

இதன் பலம், சாதாரணமாக இருந்தால் கட்டி இல்லை என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம் என்பது. ஏறியிருந்தால் எதையும் உறுதியாகச் சொல்லாது. கர்ப்பம், அறுவைச் சிகிச்சை, புற்றுநோய், முதுமை, எந்தத் தொற்றும், ஏன் ஒரு பெரிய ரத்தக்கட்டுக் காயம்கூட ஏற்றிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு பாட்டிக்கு 74 வயது. கொவிட் வந்து போன பிறகு ஒரு பரிசோதனைப் பேக்கேஜ் வாங்கிக் கொடுத்தார்கள் பிள்ளைகள். டி-டைமர் 0.70 என்று சிவப்பில் வந்தது; வரம்பு 0.50. மூச்சுத் திணறல் இல்லை, கால் வீக்கம் இல்லை. ஆனாலும் அவசரப் பிரிவு, சாயம் ஏற்றி சிடி ஸ்கேன், நுரையீரல் சுத்தம். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, கட்டி இருக்கும் சந்தேகம் பலமாக இல்லாதபோது, வயதை 0.01-ஆல் பெருக்கி வரம்பு வைப்பது பழக்கத்தில் இருக்கும் முறை. அவருக்கு வரம்பு 0.74. அதாவது சிவப்பே வந்திருக்கக் கூடாது.

அலகும் படுத்தும். இரண்டு அலகு முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் வரும் எண் மற்றதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. இரண்டு வேறு கூடங்களின் அறிக்கைகளை அருகருகே வைத்து 'இரட்டிப்பாயிடுச்சு' என்று பதறுவதற்கு முன் அலகைப் பாருங்கள். வெளிர் நீல மூடிக் குழாய் கோடு வரைக்கும் நிரம்பாவிட்டால் நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம், திரும்பவும் ஊசி.

டெங்கியில் இது ஏறும், ஆனால் அதைப் பார்த்து மருத்துவர் செய்யப்போவது ஒன்றும் இல்லை. கொவிட்டோ ஃப்ளூவோ வந்து, ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால், திடீரென மூச்சு வாங்கினால், அப்போதுதான் இதற்கு வேலை. அந்த நிலையிலும் செய்ய வேண்டியது தாளில் டிக் பண்ணுவது இல்லை, அவசரப் பிரிவுக்குப் போவது.

## ட்ரோபோனின்

இதயத் தசையின் புரதம். ரத்தத்தில் கூடினால் இதயத் தசையில் சேதம், அதில் சுற்றிவளைப்பு இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு, ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு என்று சொன்னது. டெங்கியிலும் கொவிட்டிலும் இதயத் தசை அழற்சி வரலாம். ஆகவே ஸ்டென்ட் வைத்தவருக்குக் காய்ச்சலில் நெஞ்சு அழுத்தினால் இந்தப் பட்டியலில் வேறு எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது.

ஆனால் இது ஒரு முறை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும் பரிசோதனை இல்லை. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து இன்னொன்று எடுத்து, ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும், கூடவே இசிஜி. வெளிக் கூடத்தில் காலையில் கொடுத்து மாலையில் பதில் வாங்குவது ஆபத்தான சோம்பல். நெஞ்சு வலித்தால் 995-க்கு அழைத்து ஆம்புலன்ஸ்.

முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில இயந்திரங்களில் ட்ரோபோனினைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் இதைப் பற்றி எச்சரித்தது. ரத்தம் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

## ஆய்வில் இருப்பவை

இங்கே டியூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளியின் ஆய்வாளர்கள் கைமேஸ் என்ற நொதியைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் வெளியிடும் இது நாளங்களைக் கசிய வைப்பதில் பங்கு வகிக்கிறது, கடும் டெங்கியில் கூடுகிறது. எனக்கு ஆர்வமான விஷயம். ஆனால் கிளினிக் தாளில் டிக் பண்ணும் நிலைக்கு வரவில்லை. அழற்சியைத் தூண்டும் புரதமான ஐஎல்-6 மருத்துவமனைக்குள் எடுப்பது.

## ஒரே பார்வையில்

| பரிசோதனை | எதைச் சொல்கிறது | எப்போது எடுக்கலாம் | மறைந்த செலவு |
|---|---|---|---|
| ரத்த அணுக்கள் எண்ணிக்கை | கசிவு, பிளேட்லெட் சரிவு | டெங்கியில் மருத்துவர் சொல்லும்வரை தினமும் | ஒரு முறை மட்டும் எடுத்தால் ஏமாற்றும் |
| ஆல்புமின், ஏஎஸ்டி, ஏஎல்டி | கசிவு, கல்லீரல் சேதம் | டெங்கியில் மூன்றாம் நாளிலிருந்து | உடைந்த ரத்தம், டிரிப்புக்குப் பின் எடுத்தல் |
| சிஆர்பி | பொதுவான அழற்சி | கொவிட்டில் ஆக்சிஜன் குறையும்போது. பாக்டீரியா சந்தேகம் | உறுப்பின் பெயர் சொல்லாது |
| ஃபெரிட்டின் | எதிர்ப்புச் செல்களின் கொதிப்பு | வார்டில், காய்ச்சல் விடாதபோது | சர்க்கரை, கொழுப்புக் கல்லீரல் கலந்துவிடும் |
| டி-டைமர் | ரத்தக் கட்டி | கால் வீக்கம், மூச்சுத் திணறல் | தேவையற்ற ஸ்கேன் |
| ட்ரோபோனின் | இதயத் தசை சேதம் | நெஞ்சு வலி; மருத்துவமனையில் மட்டும் | ஒற்றை எண் தரும் பொய்த் தைரியம் |

சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின் போதும். அது புரதமில்லை, அந்தத் தாளிலும் இல்லை என்பதால் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

## அந்த வாட்ஸ்அப்புக்கு என்ன பதில் போட்டேன்

"தம்பி, ஃபெரிட்டின், டி-டைமர், ட்ரோபோனின் மூன்றையும் விடு. சிஆர்பியும் இப்போது வேண்டாம். லிவர் மட்டும் போடு. நாளைக்குக் காலையில் ரத்த எண்ணிக்கை திரும்ப எடுக்க வேண்டும், முடிந்தால் அதே இடத்தில். அப்பாவோட பழைய சர்க்கரை செக்கப் அறிக்கையில் ஹெமட்டோகிரிட் எவ்வளவு, ஆல்புமின் எவ்வளவு என்று பார்த்துப் படம் எடுத்து வை. அதுதான் ஒப்பிட வேண்டிய எண்.

ஆனால் இந்தத் தாளுக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கு. 66 வயசு, சர்க்கரை, டெங்கி நாலாவது நாள். இப்படிப்பட்டவங்களை மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதுதான் வழக்கம். எண் எதுவாக இருந்தாலும் இன்றைக்கே டாக்டரிடம், அட்மிட் பண்ணணுமா என்று நேராகக் கேள். வாந்தி நிற்கலைன்னா, வயிறு வலிச்சா, ஈறில் ரத்தம் வந்தா, ஆள் சோர்ந்து பேச்சுக் கொடுக்கலைன்னா, விடியற வரைக்கும் காத்திருக்காதே."

பதினொன்றேகாலுக்குப் பதில் வந்தது: "அப்பா மத்தியானத்திலிருந்து மூணு தடவை வாந்தி எடுத்தார். கிளம்பிட்டோம்."